ஒன்பது நாற்பத்தைந்து

தாலி கட்டும் படத்துக்கு ஆறாயிரம் ரூபாய் என்றேன்.

“ஒரு படத்துக்கா?” என்றார் தேயிலைத் தோட்டத்துக் கந்தையா கங்காணி. “மத்ததையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க நானா. அந்த ஒண்ண மட்டும் மூவாயிரத்துக்குத் தாங்க.” முஸ்லிம் கடைக்காரர் எவரும் அவருக்கு ‘நானா’, அண்ணன்தான்.

மேசைமேல் ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. சாகக் கிடக்கும் டிஸ்க் அப்படித்தான் அடிக்கும்.

டிஸ்க் சதீஸுடையது. அவன் கல்யாணப் போட்டோக்காரன். மகளின் ஆல்பம் கேட்டு மூன்று மாதம் அலைந்த கங்காணி, காலையில் முதல் பஸ்ஸில் அவனைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, புளத்கொகுபிட்டிய டவுனில் என் கம்ப்யூட்டர் கடைவரை கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

பேரத்துக்கு முகம் சுளிக்கிறவன் இல்லை நான். வாப்பா துணி வியாபாரி. ஒரு சாரத்துக்கு ஒரு மணித்தியாலம் பேசுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் சாரம் அலுமாரியில் காத்திருக்கும். டிஸ்க் காத்திருக்காது.

அதனால் விலை படியுமுன்பே நகலெடுக்கத் தொடங்கிவிட்டேன். வாப்பா ஆயுளில் செய்யாத தவறு.

“சரி, மூவாயிரத்து ஐந்நூறு” என்று கங்காணி மேசையைத் தட்டினார். அவர் கையில் பொன்னிறக் கடிகாரம். குவைத்திலிருந்து மனைவி புஷ்பம் அனுப்பியது. அது மேசைக் கண்ணாடியில் பட்டதும் டிஸ்க் ஒருமுறை விக்கியது.

“தட்டாதீங்க கங்காணி. அது ஆடக் கூடாது.”

“ஆடாட்டி நாலாயிரம்” என்று மறுபடியும் தட்டினார்.

இவர் இப்படியென்றால் சதீஸ் வேறு மாதிரி. “தேறாது நானா, விட்டுருங்க” என்று நாலாவது தடவையாகச் சொன்னான். நோயாளியைத் தூக்கிவந்து, ஊசி போடாதே என்று டாக்டரின் கையைப் பிடிக்கிறவனை அன்றுதான் பார்த்தேன்.

“விடுறதா?” என்றார் கங்காணி. “எட்டு வருசமா குவைத்துல வீட்டு வேலை செஞ்சு, இந்தக் கல்யாணத்துக்கு முழுக் காசும் அனுப்புனவ அவ. லீவு கிடைக்கல. தாலி ஏறுறதப் பாக்கணும்னு தினம் போன்ல அழுவுறா.”

வேறு யார் போனிலாவது அந்தப் படம் இருக்குமே என்றேன்.

இல்லை. ‘காசு குடுத்து கேமரா வச்சிருக்கேன், எவனும் போனத் தூக்கி மறைக்காதீங்க’ என்று தோட்டத்துக் கோயில் மைக்கிலேயே சொன்னவர் கங்காணி. சதீஸ் எல்லாவற்றையும் இந்த டிஸ்க்கில் போட்டுவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காகக் கேமரா கார்டை அழித்துவிட்டான்.

பத்தரைக்கு விலை நாலாயிரத்து எழுநூற்று ஐம்பதில் படிந்தது. கிட்டத்தட்ட அதே நேரம் நகலும் முடிந்தது. டிஸ்க்கின் சத்தம் நின்றுபோனது. இனி அது எழாது. பரவாயில்லை, வயிற்றில் இருந்த அத்தனையும் என்னிடம் வந்துவிட்டது. ஒரு படம்கூடப் பழுதில்லை.

எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. சதீஸைப் பார்த்தேன். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒம்பது நாப்பத்தஞ்சு முகூர்த்தம்” என்று கங்காணி திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். “அந்த நேரத்துப் படத்தத் தொறங்க.”

ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த நேரம் இருந்தது.

ஒன்பது நாற்பத்தொன்று. தட்டில் தாலி, பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

ஒன்பது நாற்பத்து மூன்று. ஆடிக் கலங்கிய ஒரு படம். ஓரத்தில், வெளியே ரோட்டைக் காட்டி நீட்டிய ஒரு கை. மணிக்கட்டில் பொன்னிறக் கடிகாரம்.

ஒன்பது நாற்பத்து நான்கு. ரோட்டில் ஒரு ஜீப். திறந்த கதவு. பளபளக்கும் சப்பாத்துக் கால்.

ஒன்பது நாற்பத்தைந்து. தோட்டத்து மானேஜர், பெரிய துரை, குனிந்து கழுத்தைக் கொடுக்கிறார். கந்தையா கங்காணி அவருக்கு மாலை போடுகிறார். பின்னால், தூரத்தில், கோயில் கூரை மட்டும்.

ஒன்பது ஐம்பத்திரண்டில்தான் கேமரா மணவறைக்குத் திரும்பியிருந்தது. மகள் தர்மிளாவின் கழுத்தில் அப்போது தாலி இருந்தது.

கங்காணி என் கையிலிருந்து மவுஸை வாங்கினார். பின்னால் போனார், முன்னால் வந்தார், மறுபடியும் பின்னால் போனார்.

“மேளம் கேட்டுச்சேடா” என்றார். “நீ ஓடிப்போயி எடுத்திருப்பன்னுல்ல நெனச்சேன்.”

“நீங்க கைய விடலியேண்ணே” என்றான் சதீஸ். “சொல்ல பயமா இருந்துச்சு.”

மேசைமேல் கங்காணியின் போன் அதிர்ந்தது. குவைத்தில், வேலைவீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம். திரையில் புஷ்பத்தின் பெயர்.

அவர் எடுக்கவில்லை. மேசையையும் தட்டவில்லை.

எனக்குக் கைவேலை தேவைப்பட்டது. எண்ணி எழுதினேன்.

மொத்தப் படம் 1,214. பழுதில்லாமல் வந்தது 1,214. துரை ஜீப்பிலிருந்து இறங்கியது 27. மாலை வாங்கியது 19. இளநீர் குடித்தது 15. ஆக, துரைக்கு 61. தாலி ஏறியது 0.

புஷ்பத்துக்கு, பாக்கி 1.