ஆமெனுக்கு முன்னால்

நன்றித் திருநாளன்று இந்தோனேசியாவின் மினஹாசாவில் எந்த வீட்டுப் படியேறினாலும் சோறு உண்டு. அந்தத் தைரியத்தில்தான் ஹெங்கி, மனைவி மெய்ஸ்கேயுடன் முன்பின் பழக்கமில்லாத யோப்பியின் வீட்டுக்குள் நுழைந்தார். மேஜையில் பாத்திரங்கள் மூடியிருந்தன. மற்ற விருந்தாளிகளும் கண்களை மூடிக்கொள்ள, யோப்பி ஜெபத்தைத் தொடங்கினார்.

மழைக்கு நன்றி, கிராம்புக்கு நன்றி, பன்றி போட்ட குட்டிகளுக்கு நன்றி என்று அது நீண்டுகொண்டே போனது.

"பசியில உயிர் போகுது. இந்த ஆளு நோவா காலத்துலேர்ந்து ஆரம்பிக்கிறாரே!" ஹெங்கி முணுமுணுத்தார்.

"சும்மா இருங்க. கர்த்தருக்குக் கேக்கும்," என்றாள் மெய்ஸ்கே.

"போன வருஷம் செத்த கோழிக்கும் நன்றி சொல்றாருடி!"

பொறுக்க முடியாமல் ஹெங்கி ஒரு கண்ணைத் திறந்தார். யோப்பியின் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த மீன் குழம்பைக் காலிப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானையைத் திறந்தாள். அதுவும் காலி. காலையிலிருந்து வந்தவர்கள் வழித்துத் தின்றிருந்தார்கள். அவள் மறுபடியும் கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

யோப்பிக்குச் சொல்ல நன்றி தீர்ந்துவிட்டது. "ஆ... ஆமென்."

"யாரும் கண்ணத் திறக்காதீங்க!" ஹெங்கி பதறினார். "நான் இன்னும் நன்றி சொல்லவே ஆரம்பிக்கல!"