எட்டு வாரமாகப் புதியவர்

"இன்று புதிதாக வந்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்" என்று ஃபாதர் டெஸ்மண்ட் மைக்கில் சொன்னதும், இடதுபக்கம் ஆறாவது பெஞ்சில் அந்த ஆள் மறுபடியும் எழுந்து நின்றார்.

எட்டாவது ஞாயிறு.

கதவருகே ரோஜாக்களோடு நின்றிருந்த பவுலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கமாக இந்த நேரத்தில் புதியவர்களைத் தேடிப் பெஞ்ச் பெஞ்சாகப் போய்க்கொண்டிருப்பாள். இன்று வேண்டுமென்றே நகரவில்லை. என்னதான் செய்கிறார், பார்த்துவிடலாம் என்று இருந்தாள்.

நின்றார். நின்றதோடு, திரும்பி அவளை ஒரு பார்வை வேறு பார்த்தார்.

என்ன ஒரு திமிர்!

கோயிலே கை தட்டியது. பாடகர் குழுவில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்த டேரில் குனிந்து சிரிப்பதை அவள் கவனித்தாள்.

அவன்தான் புதன்கிழமை இதை ஆரம்பித்து வைத்தவன். புதியவர்கள் ரோஜாவும் கையுமாக நிற்கும் படத்தை வாராவாரம் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போடுவது பவுலினின் வழக்கம். அதில் ஏழு படங்களை ஒன்றாகச் சேர்த்து, "ஆன்ட்டி, இந்த அங்கிள் ஏழு வாரமா புதுசு" என்று எழுதியிருந்தான். நூற்றுப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். முப்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்கள்.

வரவேற்புக் குழு என்று பெயர்தான். நான்கு பேரில் மிச்சம் இருப்பவள் இவள் ஒருத்தி. சிந்தியா மகளோடு புனே போய்விட்டாள். மற்ற இருவருக்கும் ஏழு மணிப் பூசை என்றால் தூக்கம் கலைவதில்லை. சனிக்கிழமை பெங்களூர் தொம்மலூர் பூக்கடையில் ரோஜா வாங்கி, உட்கார்ந்து முள் எடுத்து, "இது உங்கள் வீடு" என்று அச்சடித்த அட்டையை ஒவ்வொன்றிலும் கட்டி, விடியற்காலையில் டீக்குப் பால் காய்ச்சி. முழங்கால் வலியோடு இத்தனையும் செய்வது ஒருவர் ஏமாற்றுவதற்கா?

புதன்கிழமை இரவே, தான் எழுதிவந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். அதில் இன்னும் பெரிய விஷயம் இருந்தது. ஒரு வாரம் சந்தானம். அடுத்த வாரம் சந்தியாகு. அதற்கடுத்து சந்தோஷம். மறுபடியும் சந்தியாகு.

பெயரை வேறு மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்!

பூசை முடிந்தது. கோயில் முற்றத்தில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த இங்கிலீஷ் பூசைக்கு வந்த கார்கள் கேட்டில் ஹாரன் அடித்தன. யாரோ நாற்காலியெல்லாம் எடுத்து வழியில் போட்டிருந்தார்கள். அதையும் அவள்தான் ஒதுக்கினாள்.

வேப்பமரத்தடியில் அந்த மனிதர் தனியாக நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கம்பெனி பேன்ட். தூக்கமில்லாத கண்கள்.

பவுலின் நேராகப் போனாள்.

"எட்டு வாரமா வர்றீங்க. வாராவாரம் புதுசுன்னு நிக்கிறீங்க. பேரையும் மாத்தி மாத்திச் சொல்றீங்க. சர்ச்சு என்ன விளையாட்டா?"

பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவளும் விட்டாள்.

அவர் டீ கிளாஸைத் திண்டின் மேல் மெதுவாக வைத்தார்.

"சந்தானம், மேடம். எப்பவும் அதான் சொல்றேன். பாட்டு சத்தத்துல உங்களுக்குச் சரியா கேக்கலபோல."

"அப்ப எழுந்து நிக்கிறது?"

"மொத வாரம் நானாத்தான் நின்னேன். ரெண்டாவது வாரம் சும்னே உக்காந்துனு இருந்தேன். நீங்கதான் வந்து தோள்ல தட்டி, 'புதுசா? எழுந்து நில்லுங்க'ன்னீங்க. கோயில்ல உங்களை எதுத்துப் பேசக் கூடாதுன்னு நின்னேன். அடுத்த வாரமும் வந்து தட்டினீங்க. அப்புறம் அப்படியே ஆயிடுச்சு."

தட்டிய கையைப் பவுலின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இன்னிக்கு நீங்க கிட்ட வரல. கோவமோ என்னமோன்னு நானே எழுந்துட்டேன்."

அவர் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்தைப் பிளந்தாற்போல ஒரு பழைய தழும்பு. ஏழு படத்திலும் அது இருந்திருக்க வேண்டும். படம் எடுத்ததும் அவள்தான்.

"எங்கேருந்து வர்றீங்க?" என்றாள். இந்தக் கேள்வி பதிவேட்டில் இல்லை.

"பொம்மசந்திரா. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு அப்படியே ரெண்டு பஸ் மாறி வர்றேன். பக்கத்துலயும் கோயில் இருக்கு. அங்க தமிழ்ப் பூசை இல்ல."

பிறகு, ஃபேக்டரியில் சூப்பர்வைசர் முன்னால் நிற்பதைப்போலக் கைகளை முன்னால் சேர்த்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் நிக்கணுமா, வேணாமா மேடம்? சொல்லிட்டீங்கன்னா அதும்படி செஞ்சிடுறேன்."

"வேணாம்" என்றாள் பவுலின்.

இரண்டு நாற்காலிகளை இழுத்து மரத்தடியில் போட்டாள்.

"உக்காருங்க, சந்தானம்."