சோதனை வாசல்

"சீட்டைத் திற" என்றாள் மாமியார்.

மருமகள் திறந்தாள். திருட்டுச் சிப். மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

கொழுந்தன் வாங்கி வந்த புது விளையாட்டு அது. மேஜை நிறைய விரித்த அட்டையில் ஒரு நகரம். மழை, நியான் வெளிச்சம், பாதி மனுஷன் பாதி மெஷினாக நாலு உருவம். ஊரையே ஆட்டிப் படைக்கும் கம்பெனி ஒன்று. அதன் ரகசியக் கம்ப்யூட்டர் சிப்பைத் திருடிக்கொண்டு சோதனை வாசலைத் தாண்டிவிட்டால் ஜெயம். சீட்டில் இருப்பது திருட்டுச் சிப்போ, வெறும் சிப்போ, வாசலில் அதைக் கவிழ்த்து வைத்து, "வெறும் சிப்தான்" என்று சாதிக்க வேண்டும். கம்பெனி நம்பினால் "போ". சந்தேகப்பட்டால் "திற". நிஜமாகவே வெறும் சிப்பாக இருந்துவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம்.

கம்பெனி யார் என்று கேட்கவே வேண்டாம். யார் எப்போது வந்தார்கள், எவர் போனில் குசுகுசுத்தார்கள் என்று சதா வேவு பார்க்கிற மாமியாருக்கு வேறு என்ன வேஷம் பொருந்தும்?

மருமகளிடமோ விளையாட்டுக்கு வெளியேயும் ஒரு பொய் இருந்தது. அவளுக்கு வேலை போய்விட்டது. அவள் பார்த்த வேலையை இப்போது ஒரு புரோகிராம் பார்க்கிறதாம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "என் மருமக ஆபீசர்" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கும் மாமியாரிடம் எந்த வாயால் சொல்வது? புருஷனிடம் சொன்னால் அம்மா காதுக்குப் போக அரைநாள் ஆகாது. வேறு வேலை கிடைக்கும்வரை காலையில் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு சிப்பையே விடாதவள் இதை விடுவாளா?

எப்படித்தான் தெரிகிறது? ஜன்னல் கண்ணாடியில் சீட்டு தெரிகிறதோ என்று இடம் மாறி உட்கார்ந்தாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். ம்ஹூம். புருஷனும் கொழுந்தனும் புளுகியதை மாமியார் நம்பிவிட்டாள், பெற்ற பிள்ளைகளை நம்புவது ஊரில் நடக்கிறதுதான். இவளிடம் மட்டும் குறி தப்பவில்லை.

"பொய் சொல்லத் தெரியாத உங்களுக்கு எவன் அண்ணி வேலை கொடுத்தான்?" என்றான் கொழுந்தன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

கடைசி ஆட்டம். கையில் இருந்தது திருட்டுச் சிப். கவிழ்த்து வைத்தாள்.

"வெறும் சிப்தான் அத்தை. நல்ல சீட்டெல்லாம் முன்னாடியே போயிடுச்சு. சீட்டைக் கலைச்சது வேற இவரு, எனக்கு எங்க நல்லது வரும்..."

மாமியார் அவளையே பார்த்தாள். பிறகு, "போ" என்றாள்.

மருமகள் ஜெயித்துவிட்டாள். ஆனால் சந்தோஷம் வரவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும்போது, மனசு தாங்காமல் கேட்டுவிட்டாள்.

"அத்தை, மத்த தடவையெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அதுல என்ன வித்தை? உண்மைன்னா 'வெறும் சிப்'னு சொல்லிட்டு வாயை மூடிக்கறே. பொய்னா காரணம் காரணமா அடுக்கறே."

"கடைசியிலயும் அடுக்கினேனே. ஏன் விட்டீங்க?"

"முகமே வெளுத்துப்போச்சு உனக்கு. எல்லார் எதிரிலயும் மாட்டி வைக்கணுமா?"

மாமியார் குழாயை மூடினாள். கூடத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபீஸ் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா 'இருந்துச்சு'ன்னு போறவ நீ. கொஞ்ச நாளா லிஃப்ட் ரிப்பேர், மேனேஜருக்கு ஜலதோஷம்னு கதை கதையா சொல்றே. வேலைதானே போச்சு? இன்னொண்ணு வரும். நாளைக்கு வீட்டுலயே இரு. யார் கேட்டாலும் உனக்கு லீவுன்னு நான் சொல்லிக்கறேன். தயவுசெஞ்சு நீ காரணம் எதுவும் சொல்லிடாதே."