எங்கட பிள்ளை

"அந்தப் பிள்ளை எங்கட இயக்கத்தில இல்லை, டீச்சர். கொடி தர ஏலாது" என்றார் கமலாசனி.

கண்டியில் சாரணியர் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் அவர். எதிரே நின்ற கஜலட்சுமி, மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். மண்சரிவில் உடைந்த பாதையை நடந்து தாண்டி, கிடைத்த லொறியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். சேலை விளிம்பில் சேறு இன்னும் காயவில்லை.

செத்துப்போன மாணவி நிஷாந்தினியின் சவப்பெட்டிமேல் போர்த்த ஒரு கொடி. பக்கத்தில் நிற்கச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்தபோது நிஷாந்தினி வெளியேதான் நின்றாள். உள்ளே ஓடி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கி வந்து கொடுத்தாள். குழந்தையின் தாயைக் கூட்டிவர மறுபடி போனாள். சுவர் இருவர்மேலும் விழுந்தது.

கஜலட்சுமி இதையெல்லாம் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் பிள்ளைகளை நிறுத்தி உறுதிமொழி சொல்லவைத்ததையும், காயத்துக்குக் கட்டுப்போடப் பழக்கியதையும் சொன்னாள். குழுவைப் பதிந்து தரச் சொல்லி இதே வாசலுக்கு நடையாய் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. "அடுத்த வருஷம் பாப்பம்" என்று திருப்பி அனுப்பியவர்தானே முன்னால் இருக்கிறார்.

கமலாசனி கெட்டவரல்ல. தேநீர் கொடுத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"உலகம் முழுக்க ஒரே சட்டம். நாலு பேர் ஆசைக்குச் சேர்ந்து சாரணியர் எண்டா, அது இயக்கமாகாது. நான் என்ன செய்யிறது?"

தேநீரைத் தொடாமல் கஜலட்சுமி திரும்பினாள்.

அடக்கத்தின்போதும் மழை விடவில்லை. குழியருகே நிஷாந்தினியின் அப்பா செல்லச்சாமி கேட்டார், கண்டியிலிருந்து யாரும் வரவில்லையா என்று.

"பாதை ஒடைஞ்சு கெடக்குங்க" என்றாள். அவரும் நம்பித் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் யாரையும் கூட்டவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எந்த முகத்தோடு அவர்களை உறுதிமொழி சொல்லச் சொல்வது?

சில மாதம் கழித்துக் கமலாசனி அவளுக்குப் போன் எடுத்தார். குரலில் அப்படியொரு கனிவு.

வெளிநாட்டிலிருந்து கேட்கிறார்களாம். உலகச் சாரணியரில் துணிச்சல்காரிகளைப் பற்றிப் புத்தகம் வருகிறதாம். கண்டியிலிருந்தும் ஒரு பெயர் போக வேண்டுமாம்.

"நிஷாந்தினி எங்கட பிள்ளைதானே, டீச்சர். ஒரு படம் அனுப்புங்கோ."

ஏசத்தான் வாயெடுத்தாள். ஆனால் பெற்றவரைக் கேட்காமல் மறுக்க, தான் யார்? தற்காலிகக் கொட்டகைக்குப் போய்ச் செல்லச்சாமியிடம் சொன்னாள்.

அவர் முகம் மெல்ல விரிந்தது.

"அப்ப, எம்புள்ளையச் சேத்துக்கிட்டாங்களா டீச்சர்?"

தன் போனில் மிஞ்சியிருந்த ஒரே படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கஜலட்சுமி அங்கேயே நின்று அனுப்பிவைத்தாள்.

படத்தில் நிஷாந்தினி சிரிக்கிறாள். கழுத்தில், அம்மாவின் பழைய நீலச் சேலையை வெட்டி ஓரம் தைத்த ஸ்காஃப்.

உடனே கமலாசனியின் பதில் வந்தது.

"நல்ல படம். கழுத்தில கிடக்கிறது மட்டும் எங்கடது இல்லை. அதைக் கம்ப்யூட்டரில மாத்திப் போடுறம்."