பின் டயருக்கு ஐம்பது

வேனின் பின் டயர் வால்வில் ஆணியை வைத்து அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

மீட்டரை வைத்துப் பார்த்தான். நாற்பது. இன்னும் குறைய வேண்டும்.

முப்பது.

தேங்காய் ஏற்றும் வேன் அது. பின் டயரில் எப்போதும் ஐம்பது பவுண்டு இருக்கும். லோடு இல்லாமல் ஓட்டினால் ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கும்.

இன்று குதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறாள். பிள்ளையை அலுங்காமல் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா.

பின் டயர் இரண்டையும் இருபத்தெட்டில் நிறுத்தினான். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

மனைவி பிள்ளையோடு முன் சீட்டில் ஏறினாள். வண்டி மெத்தை போல நகர்ந்தது.

மகள் வீறிட்டாள்.

மனைவி பால் கொடுத்தாள். துணி மாற்றினாள். தோளில் போட்டுத் தட்டினாள். அவன் ஓரம்கட்டி விசிலடித்துப் பார்த்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. பிஞ்சு முகம் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தபடி வண்டியை எடுத்தான்.

யோசனையில் வேகத்தடையைக் கவனிக்கவில்லை. வண்டி தூக்கிப் போட்டது.

அழுகை நின்றது.

சாலை சமமானதும் மறுபடி தொடங்கியது.

மனைவி அவனைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஒன்பதாம் மாதம் வரை இதே சீட்டில் உட்கார்ந்து அவனோடு தோப்புத் தோப்பாகச் சுற்றியவள். வீட்டிலிரு என்று யார் சொல்லியும் கேட்காதவள்.

“ஏனுங்க மாமா, பழையபடியே காத்துப் புடிங்க. உங்க மவளுக்கு அதுதான் தொட்டில்.”

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொள்ளாச்சித் தோப்புகளெல்லாம் மகளுக்கு ஏற்கெனவே பழக்கம்.

வழியிலிருந்த பஞ்சர் கடையில் நிறுத்தினான். பின் டயர் இரண்டுக்கும் ஐம்பது வைக்கச் சொன்னான்.

கடைக்காரர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு தேங்காய்கூட இல்லை.

“காலி வண்டிக்கு எதுக்குங்க அம்பது?”

“லோடு முன்னாடி இருக்குதுங்க.”

கடைக்காரர் முன்னால் வந்து பார்த்தார். இரண்டு டயருக்கும் ஐம்பது பிடித்துவிட்டார்.

அங்கிருந்து வீடு வரை சாலை வெறும் பல்லாங்குழி.

மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனால் ஒரு குழியையும் விடவில்லை.