நாற்பது வயதின் நன்றியுரை

‘விதியை வென்ற தலைமுறை இங்கே உருவாகிறது’ என்று பள்ளி வாசலில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். அதன் கீழேதான் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும்.

பிளஸ் டூ பிள்ளைகள் பள்ளியின் எதிர்காலம் காட்டும் கருவியில் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்தால், நாற்பது வயதில் அவர்கள் எப்படியிருப்பார்களோ அப்படியே திரையில் வந்து உட்கார்ந்து பள்ளிக்கு நன்றி சொல்வார்கள். அதைப் பதிவு செய்து ஆண்டு விழாவில் போட்டுக் காட்டுவது ஆலோசகர் அல்போன்சாவின் வேலை.

துர்காஷினி நர்சிங் என்றாள். திரையில் வெறும் நாற்காலி. சட்டம், கேட்டரிங், ஒன்றும் படிக்காமல் வீட்டோடு இருப்பது என்று எதைப் போட்டாலும் அதே நாற்காலிதான்.

“எனக்கு மட்டும் ஏன் மிஸ் ஆள் வரல?”

“லீவு போட்டிருப்படி.”

“எல்லா வேலையிலயுமா?”

அல்போன்சா திரையை அணைத்தார். உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட எழுந்தார். தலைமையாசிரியர் வழிமறித்தார்.

“விழா முடியட்டும் மிஸ். நூத்துக்கு நூறு நன்றின்னு அமைச்சர்கிட்ட சொல்லியாச்சு.”

அல்போன்சா தன் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து துர்காஷினிக்குக் கட்டிவிட்டார். காதோரம் சாக்பீஸ் தூளைத் தடவி, அவளையே நாற்காலியில் உட்காரவைத்துப் படம் பிடித்தார்.

விழாவில் கைதட்டல் ஓயவில்லை. அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எலும்பும் தோலுமா இருக்காளே, டாக்டர்கிட்ட காட்டணும்னு இருந்தேன் மிஸ். நாப்பதுல கன்னமெல்லாம் பூசினாப்ல இருக்கா. இனி எதுக்கு டாக்டரு?”

அல்போன்சா தலையாட்டினார்.

கன்னத்துக்குள் இருந்தது முதலுதவிப் பெட்டியின் பஞ்சு.