மகளோட கட்டம்

"கட்டம் போட்டுப் பாரு, கணக்குத் தன்னால விளங்கும்" என்றார் அழகுசுந்தரம்.

அப்பாவின் வயலை இரண்டு மகன்களும் ஒரு மகளும் சரிபங்காகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்பது கணக்கு. அழகுசுந்தரத்தின் மகள் உமையாள் சிலேட்டில் நீளமாகக் கட்டம் வரைந்து, நடுவில் ஒரே ஒரு கோடு கிழித்தாள்.

"ரெண்டுதான இருக்கு. மகளோட பங்கு எங்கடி?"

"அவளுக்குத்தான் சீர் செஞ்சு கட்டிக்குடுத்தாச்சே, அப்பச்சி."

அவருக்கு ரத்தம் கொதித்தது. மனைவி சிட்டாளின் பங்குக்காக மச்சினன்மேல் கேஸ் போட்டு, சிவகங்கைக் கோர்ட்டுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவர் அவர். அங்கே எதிர்த்தரப்பு வக்கீலும் இதையேதான் சொன்னான்.

"எந்த அயோக்கியன் உனக்கு இதச் சொல்லிக்குடுத்தது? உன் மாமனா?"

உமையாள் மிரண்டுபோனாள்.

"நேத்து அத்தை பங்கு கேட்டு வந்தப்ப நீங்கதான அப்பச்சி சொன்னீக!"